செல்போனுக்கு விலை வைப்பது யார்?

திருச்சுழி வட்டத்தில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தபோது, மானாவாரியில் மிளகாய் பயிரிடும் அங்கத்தினர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஐயா, யூரியாவுக்குச் சர்க்கார் விலை வைக்கிறது. செல்போனுக்கு விலை வைப்பது யார்?"

நியாயமான கேள்வி. விருதுநகரில் வற்றல் விலையை விசாரிக்கவும், அருப்புக்கோட்டைத் தறிகாரர் நூலுக்குச் சொல்லி அனுப்பவும் இன்று செல்போனே துணை.

முன்பு விடை எளிது. தொலைபேசி சர்க்கார் இலாகாவின் கையில் இருந்தது. விலை வைத்ததும் அதுவே. ஆனால் இணைப்புக்கு மனுச் செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1994-ஆம் ஆண்டின் கொள்கை தனியாருக்குக் கதவைத் திறந்தது. 1995-இல் செல்போன் வந்தபோது, அழைப்பைப் பெற்றவரும் பணம் கொடுக்க வேண்டியிருந்தது. 1997-இல் டிராய் என்னும் ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. 2000-இல் சர்க்கார் இலாகாவின் தொலைபேசிப் பணி பி.எஸ்.என்.எல். கம்பெனியாயிற்று. 2003-இல் வரும் அழைப்பு இலவசமாயிற்று. போட்டி வலுத்துக் கட்டணம் சரியவே, விலை வைக்கும் உரிமையை ஆணையம் பெரும்பாலும் கம்பெனிகளிடமே விட்டது.

ஆகவே விலை வைப்பது கம்பெனி. அதற்குக் கடிவாளம் போட்டி. போட்டி குறைந்தால் கடிவாளமும் தளரும். 2016-இல் மூண்ட கட்டணப் போரில் பல கம்பெனிகள் நிலைகுலைந்தன. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018-இல் நொடித்தது. அதன் வாடிக்கையாளர்கள் வேறிடம் தேடி அலைந்தார்கள். எஞ்சிய பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றே. அம்மூன்றும் 2024 ஜூலை 3, 4 தேதிகளில் கட்டணத்தை உயர்த்தின. அப்போது பி.எஸ்.என்.எல். உயர்த்தவில்லை, இலட்சக்கணக்கானோர் அதனை நாடினர்.

கூட்டுறவாளருக்கு இது புதிய பாடமன்று. ஊரில் சங்கக் கடை திறந்திருக்கும் வரை பக்கத்துக் கடைத் தராசு நேராக நிற்கும். பொதுத்துறைத் தொலைபேசியும் அத்தகைய கடையே. ஆனால் கடை திறந்திருந்தால் மட்டும் போதாது. சரக்கும் இருக்க வேண்டும். கிராமத்தில் சிக்னல் கிடைக்காவிடில் மலிவான கட்டணத்தால் பயன் என்ன?

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை இரண்டு. முதலாவது, 2011 முதல் எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை நாடெங்கும் உண்டு. 1900 என்ற எண்ணுக்குச் செய்தி அனுப்பி அதைத் தொடங்கலாம். மாறுமுன் வீட்டிலும் காட்டிலும் சிக்னலைச் சோதித்துக்கொள்க. இரண்டாவது, சிக்னல் எட்டாத ஊர்களின் பெயரைப் பொதுக்குழுவில் தீர்மானமாக எழுதி மேலிடத்துக்கு அனுப்புக. தனி ஒருவரின் முறையீட்டைவிடச் சங்கத்தின் தீர்மானத்திற்கு வலிமை அதிகம்.