அடைப்பு எத்தனை சதவீதம்? ரத்தம் சொல்லாது

மயிலாப்பூரிலும் அடையாறிலும் தெருவுக்கொரு லேப் வந்துவிட்டது. எல்லாவற்றிலும் 'ஹார்ட் பேக்கேஜ்' உண்டு. கொலஸ்ட்ரால் வகைகள், சிஆர்பி, ஹோமோசிஸ்டீன் என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வருகிறது. அதைப் புரட்டும் குடும்பத்தார் தேடுவது ஒன்றைத்தான்: அடைப்பு எவ்வளவு? அந்த விடை எந்தப் பக்கத்திலும் இருக்காது.

இதய நிபுணர்கள் நோயின் தீவிரம் என்று சொல்வது எத்தனை ரத்தக்குழாய், எந்த இடம், எவ்வளவு சுருக்கம் என்பதை. இடது பிரதானக் குழாயில் 50 சதவீதம், மற்றவற்றில் 70 சதவீதம் சுருங்கியிருந்தால் கவலைக்குரிய அடைப்பு என்பது பொதுவான கணக்கு. அதைக் காட்டுவது ஆஞ்சியோகிராம். ரத்தமோ உடம்பு முழுக்கச் சுற்றிவருவது. அடையாற்றின் கழிமுகத்தில் ஒரு சொம்பு நீரைச் சோதித்தால் ஆறு கெட்டிருப்பது தெரியும். எந்தத் தெருவில் சாக்கடை அடைத்திருக்கிறது என்பது தெரியாது.

அப்படியானால் ரத்தப் பரிசோதனை வீணா? இல்லை. அதற்கு உள்ளூர்ச் சான்றே இருக்கிறது. 1990களின் பிற்பாதியில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் தி.நகரிலும் திருமங்கலத்திலும் குடியிருப்பவர்களைப் பரிசோதித்தார்கள். முன்னது நடுத்தர வருமானக்காரர்கள் பகுதி, பின்னது குறைந்த வருமானக்காரர்கள் பகுதி. 20 வயதைத் தாண்டிய 1,262 பேர். 2001-இல் வெளியான முடிவின்படி, அவர்களில் 11 சதவீதத்தினருக்கு இதய ரத்தக்குழாய் நோய் இருந்தது. சர்க்கரை நோயாளிகளை மட்டும் எடுத்தால் 21.4 சதவீதம். வயதும் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலும் நோயோடு தனித்த தொடர்பு காட்டின. ஆயிரம் பேரை வைத்துப் பார்க்கும்போது ரத்தம் நன்றாகவே பேசுகிறது. தனி ஒருவரிடம் வரும்போதுதான் குரல் மங்குகிறது.

டிரோபோனினை எடுத்துக்கொள்ளுங்கள். இதயத் தசைக்குள் இருக்கும் புரதம் இது. தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். மாரடைப்பை உறுதி செய்வதில் இதற்கு இணை இல்லை. இன்றைய நுண்ணிய சோதனைகள் மிகச் சிறிய அளவையும் பிடித்துவிடுகின்றன. நெஞ்சு வலி இல்லாத இதய நோயாளியிடமும் இது கொஞ்சம் உயர்ந்தே நின்றால் பின்னால் ஆபத்து கூடுதல் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடைப்பு அதிகமுள்ளவர்களிடம் சராசரி அளவும் அதிகம். ஆனால் சிறுநீரகக் கோளாறிலும் அது உயரும், இதயம் பலவீனமானாலும் உயரும். மூன்று குழாய்கள் அடைத்தவருக்கும் ஒன்று மட்டும் அடைத்தவருக்கும் ஒரே எண் வரலாம். அந்த எண்ணை வைத்து ஸ்டென்ட்டா பைபாஸா என்று எந்த மருத்துவரும் முடிவெடுக்க மாட்டார்.

சிஆர்பி அழற்சியின் அடையாளம். சளி பிடித்தாலே ஏறிவிடும். ஹோமோசிஸ்டீனை வைட்டமின் மாத்திரையால் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. ஆனாலும் பேக்கேஜில் அது இடம் பிடித்திருப்பது வியாபாரம் என்றே எனக்குப் படுகிறது.

கவனிக்கப்படாமல் கிடப்பது லிப்போபுரோட்டீன்-ஏ. 1963-இல் நார்வேயின் கோரே பெர்க் கண்டறிந்தது. பெரும்பாலும் மரபணு தீர்மானிப்பதால் உணவாலும் நடையாலும் அதிகம் மாறாது; வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பொதுவாகப் போதும். தென்னிந்தியச் சர்க்கரை நோயாளிகளிடம் இது இதய நோய்க்குத் தனிக் காரணி என்று சென்னை ஆய்வாளர்கள் 1998-லேயே எழுதினார்கள். 2024-இல் இந்திய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் ஒருமுறையாவது பார்க்கச் சொன்னது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் கூடுதல். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ சின்ன வயதில் அட்டாக் வந்த வீடுகளில் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எடுக்க வேண்டியது இதுதான். உயர்ந்திருந்தால் எல்டிஎல்லை இன்னும் கறாராகக் குறைப்பார்கள்.

இதெல்லாம் வலி இல்லாத நாளுக்கு. நெஞ்சு இறுகி, வியர்த்துக் கொட்டும்போது லேபைத் தேடிப் போகக் கூடாது. 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே வந்து சேர்ந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி. குழாய் முழுக்க அடைத்த மாரடைப்பு அதில் தெரிந்தால், டிரோபோனின் முடிவு வரும்வரை சிகிச்சையை நிறுத்தி வைப்பதில்லை.