வலிக்கிற கட்டிதானே என்று விட்டுவிடலாமா?

‘புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் வலிக்காது’ என்ற செய்தி இன்று வீடுதோறும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதில் ஒரு வில்லங்கம். அதையே திருப்பிப் போட்டு, ‘வலித்தால் புற்றுநோய் இல்லை’ என்று பல பெண்கள் தாங்களே முடிவு கட்டிக்கொள்கிறார்கள். முதலாவது பெரும்பாலும் சரி. இரண்டாவதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

வலியோடு வரும் மார்பகக் கட்டிகளில் பெரும்பாலானவை சாதாரணமானவைதான். மாதவிலக்குக்குச் சில நாள் முன்பு இரண்டு மார்பும் கனத்து, அக்குள் பக்கமாகத் திட்டுத்திட்டாகத் தட்டுப்பட்டு, விலக்கு வந்ததும் தணிந்தால் அது ஹார்மோனின் வேலை. 35 வயதுக்கு மேல் திடீரென்று எழும்பி வலிக்கும் உருண்டை நீர்க்கட்டியாக இருக்கலாம். ஸ்கேனில் தெரிந்துவிடும், ஊசியால் நீரை எடுத்தால் வலியும் அடங்கும். பெண்களை வீணாகப் பயமுறுத்த வேண்டாம் என்று சொல்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என் கவலையெல்லாம் பாலூட்டும் தாய்மார்களைப் பற்றித்தான். கட்டி என்று அவள் வாயெடுத்ததுமே, “பால் கட்டியிருக்கும், வேறொண்ணுமில்ல” என்று வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். வெந்நீர் ஒத்தடம், அழுத்தி நீவிவிடுவது, பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது என்று நாட்கள் ஓடுகின்றன. உண்மையில் பால் கட்டினால் தொடர்ந்து பால் கொடுப்பதுதான் நல்லது; குழந்தைக்கு அதனால் கெடுதல் இல்லை. சட்டென்று நிறுத்தினால் தேக்கம் கூடும், முரட்டுத்தனமாக நீவினால் வீக்கம் கூடும். ஓரிரு நாளில் குறையாமல் காய்ச்சலும் நடுக்கமுமாக, தோல் சிவந்து வந்தால் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். சீழ் வைத்துவிட்டால் ஊசியால் உறிஞ்ச வேண்டும், சில சமயம் கீறியும் எடுக்க வேண்டியிருக்கும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் என்று ஒன்று உண்டு. அரிதுதான், ஆனால் வேகமானது. மார்பு சிவந்து, சூடாகி, வீங்கி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல்போல் தடித்து, பால் கட்டிய மார்பைப் போலவே காட்சி தரும். கையில் கட்டியே தட்டுப்படாமலும் இருக்கலாம். ஆன்டிபயாட்டிக் மாத்திரை முடிந்தும் சிவப்பு போகவில்லை என்றால் அதே மாத்திரையை இன்னொரு வாரம் வாங்கிப் போடுவதில் அர்த்தமில்லை. ஸ்கேனும் பயாப்ஸியும் வேண்டும். காசநோய்கூட மார்பில் கட்டியாக வருவதுண்டு. அதையும் பயாப்ஸிதான் காட்டிக்கொடுக்கும். ‘ஊசி குத்தினால் பரவிடும்’ என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரே இடத்தில் நிலைத்த கட்டி, காம்பில் ரத்தக் கசிவு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, குழி விழுந்த தோல், அக்குளில் நெறி, இவற்றில் எது இருந்தாலும் வலியைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். தமிழக அரசு மருத்துவமனைகளில் 30 வயது கடந்த பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை இலவசம். அடுத்த மாதவிலக்கு முடிந்த பிறகும் கட்டி அப்படியே இருந்தால், அந்த வாரமே போய்க் காட்டிவிடுங்கள்.