இனிப்பும் சிறுநீரகக் கல்லும்

 

உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைப் பேணுவதில் நாம் எதற்கு அஞ்சுகிறோம், எதற்கு அஞ்சத் தவறுகிறோம் என்பதைச் சிந்திப்போம்.

கோப்பாய் மண்ணின் கீழே இருப்பது சுண்ணக்கற் பாறை. வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணக் குடாநாடு, அப்பாறையில் தேங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளிப் பருகுகிறது. கேத்திலின் உள்ளே வெண்படிவைக் காண்போர், சிறுநீரகத்திலும் அவ்வாறே கல் படியும் என அஞ்சி நீரைக் குறைக்கின்றனர்; குளிர்பானத்தை நாடுகின்றனர். இதுவே பெருந்தவறு.

கற்களுள் பெரும்பாலானவை கல்சியம் ஒக்சலேற்றினால் ஆனவை. நாம் உண்ணும் சீனியில் பாதி குளுக்கோசு, பாதி பிரக்டோசு. குளுக்கோசு இரத்தத்தில் ஏறியதும் இன்சுலின் பெருகுகிறது. அப்பொழுது சிறுநீரகம் கல்சியத்தை மீள உறிஞ்சுவது குறைந்து, அது சிறுநீரில் மிகுகிறது. பிரக்டோசு ஈரலில் சிதையும்போது யூரிக் அமிலம் உண்டாகிறது. சிறுநீர் குறைந்து செறிவடைந்தால் இவை பளிங்குகளாகித் திரள்கின்றன. பனங்கட்டியும் பெரும்பாலும் இதே சீனிதான்.

அமெரிக்காவில் ஏறத்தாழ 194,000 பேரைப் பல்லாண்டுகள் அவதானித்து 2013 இல் வெளியான ஆய்வொன்றில், நாள்தோறும் சீனி சேர்த்த கோலா பருகியோருக்கு, அதனை அரிதாகப் பருகியோரைவிடக் கல் உண்டாகும் வாய்ப்பு 23 வீதம் அதிகமாயிருந்தது. நமது நாட்டிலும் 2016 இல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளங்கள் கட்டாயமாக்கப்பட்டன. பிள்ளைகளுக்கு வாங்குமுன் அந்நிறத்தைப் பாருங்கள்.

ரமழானில் கூடுதல் கவனம் தேவை. பகல் முழுதும் நீரருந்தாத உடலில் சிறுநீர் செறிந்திருக்கும் வேளையில், கோப்பை கோப்பையாக இனிப்புச் சர்பத்தை ஊற்றுவது நலமன்று. பேரீச்சம்பழத்துடனும் நீருடனும் நோன்பு திறந்து, ஸஹர் வரை இடையிடையே நீர் பருகுங்கள். சீனியிடாத தேசிக்காய் நீரும் நன்று. அதிலுள்ள சித்திரேற்று கல் திரள்வதைத் தடுக்க உதவும்.

நாளொன்றுக்கு இரண்டு லீற்றர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீரருந்துவதே சிறந்த காப்பு. கிணற்று நீரில் ஐயமிருப்பின் அதைப் பரிசோதித்து, தக்க நீரைத் தேடுங்கள்; நீரைக் குறைப்பது பரிகாரமன்று. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளோர் மட்டும் மருத்துவர் கூறும் அளவைப் பின்பற்றுக.

உண்பதிலும் பருகுவதிலும் வரம்பு மீறலாகாது என்பது அருள்மறையின் போதனை. அவ்வரம்பு சீனிக் கரண்டிக்கும் உரியதே. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நல்லாரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.