இருளிலே வழி காணும் போட்டி

நம் கல்லூரியின் பழைய மாணவர் பலர் இன்று அவுஸ்திரேலியாவிலே குடியமர்ந்து வாழ்கின்றனர். அந்நாட்டில் தோன்றி வளர்ந்த அரியதொரு விளையாட்டைப் பற்றி ஈண்டுச் சில கூற விழைகின்றோம். றோகெயினிங் என்பது அதன் பெயர். தேசப்படமும் திசையறி கருவியுமே துணையாகக் கொண்டு, கரடுமுரடான காட்டுநிலத்தில், ஒரு பகலும் ஓர் இரவுமாக 24 மணி நேரம் குழுக்கள் வழி கண்டு செல்லும் போட்டி இதுவாகும்.

மெல்பேண் பல்கலைக்கழக மலையேறுவோர் கழகம் 1947ஆம் ஆண்டில் நடத்திய 24 மணி நேர நடையே இதற்கு வித்திட்டது. பின்னர்த் திரிசாரணர் குழுவொன்றும் இதனைப் பேணி வளர்த்தது. 1976ஆம் ஆண்டில் விக்ரோறியா மாநிலத்தில் இதற்கெனச் சங்கமொன்று நிறுவப்பட்டது. றோட், கெயில், நீல் என்னும் மூவர் பெயர்களின் முற்பகுதிகளை இணைத்தே இவ்விளையாட்டுக்குப் பெயரிட்டனர். முதலாவது உலகப் போட்டி 1992ஆம் ஆண்டில் அம்மாநிலத்துப் பீச்வேர்த் என்னும் ஊரில் நடைபெற்றது.

குழுவொன்றில் இருவர் முதல் ஐவர் வரை இடம்பெறுவர். காடெங்கும் பல இடங்களிலே செம்மஞ்சளும் வெள்ளையுமான குறிகள் தொங்கவிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு குறிக்கும் அதன் அருமைக்கேற்பப் புள்ளி உண்டு. எதனை முதலில் நாடுவது, எதனைக் கைவிடுவது, எவ்வழியே செல்வது என்பவற்றைக் குழுவினரே தீர்மானிப்பர். செய்மதி வழிகாட்டிக் கருவிகளைப் பயன்படுத்தல் ஆகாது. கூடிய புள்ளி பெற்ற குழுவே வெற்றி பெறும்.

இச்சுதந்திரமே போட்டியை நடத்துவோருக்குப் பெருஞ் சோதனையாகின்றது. வீதியோட்டத்திற் பாதை ஒன்றே; நிற்போரும் விழுவோரும் எவர் கண்ணுக்கும் தப்பார். இங்கோ, நள்ளிரவில் எக்குழு எம்மலைச்சரிவில் நிற்கின்றதென நடத்துவோர் அறியார். இருப்பிடம் அறியாதிருந்தும் அனைவரையும் நலமே திரும்பச் செய்தல் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடையாகவே ஏற்பாடுகள் பெரும்பாலும் அமைந்துள்ளன எனலாம்.

முதற்கண் நிலத்தைத் தெரிதல் வேண்டும். நில உடைமையாளரின் இசைவு பெறல் வேண்டும். கோடையிற் காட்டுத்தீ மூளும் நாடாதலால் பருவத்தையும் நோக்கல் வேண்டும். விக்ரோறியாவின் நடுப்பகுதியில், 1851ஆம் ஆண்டு முதல் பொன் தேடியோர் தோண்டிய சுரங்கக் குழிகள் இன்றும் வாய் திறந்து கிடக்கின்றன. இத்தகைய இடங்களையும் செங்குத்தான பாறைகளையும் தேசப்படத்திலே விலக்கப்பட்ட பகுதிகளாகக் காட்டுவர்.

அடுத்தது குறியிடங்களை வகுத்தல். ஒருவர் வகுத்த ஒவ்வோர் இடத்தையும் பிறிதொருவர் தாமே தனியாகச் சென்று கண்டு சரிபார்ப்பார். குறி ஒரு முழம் பிறழ்ந்தாற் கேடில்லை; அடுத்த பள்ளத்தாக்கிலே தொங்குமாயின், அதனை நம்பி வந்த குழு விடியும்வரை அலைய நேரும். குறியை ஒளித்து வைத்தலும் கூடாது. சமவுயரக் கோடுகளைச் செவ்வனே வாசித்து ஓடைகள் கூடுமிடத்தை அடைந்தோர், மின்சூள் ஒளியில் அதனை எளிதிற் காணல் வேண்டும். சோதிக்கப்படுவது வழியறியும் திறனேயன்றிப் புதரைக் கிளறும் பொறுமையன்று.

தொடக்க இடத்திலே பாசறை அமைத்து, இரவு முழுவதும் சூடான உணவு வழங்குவர். களைத்தோர் எந்நேரமும் வந்து உண்டு, உறங்கி, மீண்டும் புறப்படலாம். இதனாற் குழுக்கள் தாமே இடையிடையே பாசறைக்கு வந்து முகங்காட்டிச் செல்கின்றன. ஊட்டும் கையே காக்கும் கையுமாகின்றது.

விதிகளும் இந்நோக்குடையனவே. குழுவினர் ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கும் தொலைவிலேயே எப்பொழுதும் இருத்தல் வேண்டும். ஒவ்வொருவரும் ஊதுகுழல் வைத்திருத்தல் வேண்டும். பிறர் இடருற்றமை அறியின், போட்டியை விடுத்து உதவுதல் கடன். பல போட்டிகளில், குறியிடத்திலுள்ள தாளிலே வந்த நேரத்தையும் அடுத்துச் செல்லும் இடத்தையும் எழுதிச் செல்வர். ஒரு குழு திரும்பாவிடின், தேடுவோர்க்கு அத்தாளே தடயமாகும். பிந்தி வருவோர் நிமிடத்துக்குப் பத்துப் புள்ளி இழப்பர்; 30 நிமிடத்துக்கு மேற் பிந்தின் பெற்ற புள்ளி யாவும் பறிபோம். கடுமையெனத் தோன்றும் இவ்விதியின்றேல், இன்னுமொரு குறி, இன்னுமொரு குறி என ஆசை ஈர்க்க, வாராத குழு ஆசையால் நிற்கின்றதா, ஆபத்தில் வீழ்ந்ததா என்பதை எவரும் பகுத்தறிதல் அரிது.

வென்றோர் பெயர் பலகையில் ஏறுமுன், சென்றோர் தொகையும் வந்தோர் தொகையும் ஒத்துள்ளனவா என்பதையே நடத்துவோர் நோக்குவர். நம் சாரணரும் மாணவர் படையினரும் ஒரு பகற்பொழுதில், சிறியதொரு நிலப்பரப்பில், இதனைப் பயின்று பார்த்தல் நன்று. காட்டுக்குட் செல்லும் துணிவை இளைஞர் எளிதிற் பெறுவர். பிறரைக் காட்டுக்குள் அனுப்பி, எண்ணிக்கை குறையாது திருப்பிப் பெறும் பொறுப்போ, பயின்றே பெறற்பாலது.