எண்ணிமக் களஞ்சியத்தில் தொகுப்பு வகைகளும் அனுமதி விதிகளும்: டிஸ்பேஸ் மென்பொருளை முன்வைத்து

முன்னுரை

ஆய்வேடுகள், ஓலைச்சுவடிப் படிமங்கள், கள ஆய்வு ஒலிப்பதிவுகள் ஆகியவற்றை எண்ணிம வடிவில் பாதுகாக்கப் பல்கலைக்கழகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருள்களுள் ஒன்று டிஸ்பேஸ். மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக நூலகமும் ஹியூலெட்-பேக்கார்டு ஆய்வகமும் இணைந்து உருவாக்கிய இம்மென்பொருள் 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டித் தரும் சோத்கங்கா இதனை அடிப்படையாகக் கொண்டு இயங்குவதால், தமிழாய்வாளர்களுக்கு இதன் வெளித்தோற்றம் பழக்கமானதே. ஆயினும் களஞ்சியத்தில் உள்ள ஒன்றை யார் காணலாம், யார் காணலாகாது என்னும் முடிவு எவ்வாறு செயற்படுகிறது என்பது பலரும் கருதாத ஒன்றாகும். அம்முடிவு, பொருளை அறிந்த ஆய்வாளரால் முதல் கோப்பைப் பதிவேற்றும் முன்னரே எடுக்கப்பட வேண்டியது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தொகுப்பின் அமைப்பு

டிஸ்பேஸில் பொருள்கள் படிநிலையாக அடுக்கப்படுகின்றன. மேல்நிலையில் குழுமம் அமைகிறது; அதனுள் தொகுப்பு, தொகுப்பினுள் உருப்படி, உருப்படியினுள் கோப்பு என இறங்குகிறது. ஒரு தமிழ்த்துறையைக் குழுமமாகக் கொண்டால் ஆய்வேடுகள் ஒரு தொகுப்பாகவும், சுவடிகள் ஒரு தொகுப்பாகவும், ஒலிப்பதிவுகள் ஒரு தொகுப்பாகவும் அமையும்.

இப்பகுப்பு பொருள்வகை பற்றியது மட்டுமன்று. ஒவ்வொரு தொகுப்பிற்கும் தனித்த பதிவுப் படிவத்தை அமைக்கலாம். ஆய்வேட்டிற்கு நெறியாளர் பெயரும் பட்டம் பெற்ற ஆண்டும் தேவை. சுவடிக்கு ஏடுகளின் எண்ணிக்கையும் சிதைவு நிலையும் தேவை. பதிவேற்றுவோர், சரிபார்ப்போர், தொகுப்பை நிருவகிப்போர் ஆகிய குழுக்களையும் தொகுப்புதோறும் தனித்தனியே நியமிக்கலாம். எனவே படிவமும் பொறுப்பாளரும் அனுமதியும் வேறுபடும் இடத்தில் தொகுப்பும் வேறுபட வேண்டும்.

அனுமதி விதிகளின் இயல்பு

அனுமதி விதி ஒவ்வொன்றும் எந்தப் பொருள், எந்தச் செயல், எந்தக் குழு என்னும் மூன்றையும் இணைக்கிறது. படித்தல், எழுதுதல், சேர்த்தல், நீக்குதல் முதலியன செயல்களாகும். இவ்விதிகள் அனுமதி வழங்கக்கூடியவை, மறுக்கக்கூடியவை அல்ல. விதி இல்லாத இடத்தில் வழி தானே அடைபடுகிறது.

பெயரிலிக் குழு என்பது உள்நுழையாதோர் உட்பட அனைவரையும் குறிக்கும். ஒரு கோப்பிற்கு இக்குழு படித்தல் அனுமதியைப் பெற்றிருக்கும்போது, ‘துறை ஆய்வாளர்கள்’ என்னும் குழுவிற்கும் அனுமதி சேர்ப்பதால் அக்கோப்பு துறைக்கு மட்டும் உரியதாகிவிடாது. பொது அனுமதியை நீக்கினாலன்றிக் கட்டுப்பாடு ஏற்படாது. நூலாக்கத்திற்காக ஓர் ஆய்வேட்டைக் குறித்த நாள்வரை மூடிவைக்கும்போதும் இதுவே நிலை. தொடக்க நாள் குறித்த புதிய விதியைச் சேர்த்துவிட்டு, நாள் குறிக்காத பழைய பொது விதியை விட்டுவைத்தால் தடை பயனற்றுப் போகும்.

இயல்பு விதியும் அதன் எல்லையும்

புதிய தொகுப்பின் இயல்பு விதி அனைவருக்கும் திறந்ததாகவே அமைகிறது. ஓர் உருப்படி தொகுப்பில் சேரும் வேளையில் தொகுப்பின் இயல்பு விதிகள் அவ்வுருப்படிக்குப் படியெடுக்கப்படுகின்றன. அதன்பின் தொகுப்பின் விதியை மாற்றினாலும் முன்னர்ச் சேர்ந்தவற்றின் விதி மாறுவதில்லை.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஆய்வுக்கு மட்டும் என்னும் இசைவுடன் ஒரு பெண் பாடித்தந்த ஒப்பாரிப் பாடல்கள் ஒலிப்பதிவுத் தொகுப்பில் சேர்க்கப்படுவதாகக் கொள்வோம். இயல்பு விதியைக் கவனியாது சேர்த்த பின்னர்த் தொகுப்பை மூடினால், புதியவை மூடப்படும்; அப்பாடல்கள் திறந்தே இருக்கும். அவற்றின் விதிகளைத் தனியே மாற்ற வேண்டும். அண்மைப் பதிப்புகளில் பல உருப்படிகளின் விதிகளை ஒருங்கே மாற்றும் வசதி உண்டு. எனினும் அதற்குள் பதிவிறக்கம் செய்யப்பட்ட படியை மீட்க இயலாது.

கோப்பும் விவரக்குறிப்பும்

உருப்படிக்கும் கோப்பிற்கும் தனித்தனி அனுமதிகள் உள்ளன. ஒலிக்கோப்பை மட்டும் மூடினால் தலைப்பு, பாடியவர் பெயர், ஊர் முதலிய விவரக்குறிப்புகள் அனைவருக்கும் தெரியும். அச்சிடப்படாத சுவடிக்கு இது நன்மையே. படிமம் மூடியிருந்தாலும் அத்தகைய சுவடி உண்டென்பதைப் பிற ஆய்வாளர் அறிவர். தகவலாளரின் அடையாளத்தைக் காக்க வேண்டிய இடத்தில் அதுவே தீங்காகும். அங்கு உருப்படியின் படித்தல் அனுமதியையே வரையறுக்க வேண்டும். அல்லது பெயருக்கு மாற்றாகக் குறியெண்ணைப் பதிய வேண்டும். தேடலில் தோன்றாதபடி வைக்கும் வசதி மூடுதலுக்கு ஈடாகாது. முகவரியை அறிந்தவர், படித்தல் அனுமதி இருப்பின், அப்பக்கத்தைத் திறக்க முடியும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. படிவம், பொறுப்பாளர், அனுமதி ஆகியவற்றின் வேறுபாடே தொகுப்பைப் பிரிக்கும் அளவுகோலாக அமைய வேண்டும். முதல் உருப்படியைச் சேர்க்கும் முன்னரே தொகுப்பின் இயல்பு விதியை வரையறுத்து, உள்நுழையாத நிலையில் அதனைச் சோதித்தல் வேண்டும். தகவலாளர் தந்த இசைவின் எல்லை, கோப்பிற்கும் விவரக்குறிப்பிற்கும் தனித்தனியே எழுத்தில் பதியப்பட வேண்டும். விதியை மென்பொருளில் அமைப்பவர் தொழில்நுட்பராக இருக்கலாம். பாடியவருக்கு என்ன வாக்கு அளிக்கப்பட்டது என்பதை அறிந்தவர் களத்திற்குச் சென்ற ஆய்வாளரே. ஆதலின் எதனைத் திறப்பது, எதனை மூடுவது என்பதும் ஆய்வு நெறியின் ஒரு பகுதியேயாகும்.