பாம்புக்கு வாங்கிய எலியும் பிள்ளைக்கு வந்த பேதியும்

பிரிட்டனில் பாம்பு வளர்ப்பவர்கள் அதற்கு இரையாக, உறையவைத்த எலிகளைக் கடையில் பாக்கெட்டாக வாங்குகிறார்கள். வீட்டு ஃப்ரீசரில் போட்டுவைத்து, வேண்டும்போது எடுத்து இளக்கிக் கொடுப்பது வழக்கம். 2015 முதல் அந்நாட்டில் ஆங்காங்கே பலருக்குச் சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவால் பேதி வந்தது. இந்த எலிகளோடு பின்னர் தொடர்புபடுத்தப்பட்டவர்களின் எண்ணிக்கை 2021க்குள் 850ஐத் தொட்டது; அவர்களில் கணிசமானவர்கள் குழந்தைகள்.

ஆளுக்கொரு ஊரில் படுத்தவர்களை ஒரே கொத்தாகப் பார்க்க வைத்தது மரபணு வரிசைப்படுத்தல்தான். மலத்திலிருந்து வளர்த்தெடுத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கி ஒரு கண்ணாடித் தகட்டில் ஒட்டவைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் இணையான இழை அங்கே எழுத்தெழுத்தாக வளரும். புதிதாகச் சேரும் எழுத்தில் ஒரு சாயம் ஒட்டியிருக்கும்; அது ஒளிர, கேமரா படம் பிடிக்கும். ஒளியை வைத்து எந்த எழுத்து என்று தெரிந்துகொள்கிறார்கள். பிறகு கணினி, ஏற்கெனவே தெரிந்த ஒரு சால்மோனெல்லாவின் மரபணுத்தொகுதியோடு இந்தத் துண்டுகளைப் பொருத்தி, எங்கெல்லாம் எழுத்து மாறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளும்.

சால்மோனெல்லாவின் மொத்த எழுத்துகள் சுமார் 48 லட்சம். ஆண்டுக்கு ஒன்றிரண்டுதான் மாறும். ஆகவே இரு நோயாளிகளின் கிருமிகளுக்கிடையே ஐந்து எழுத்துக்கு மேல் வேறுபாடு இல்லையென்றால், இரண்டும் அண்மையில் ஓரிடத்திலிருந்து கிளம்பியவை என்று சந்தேகிக்கலாம். பழைய சோதனைகளில் பல, கிருமியின் இனவகையைச் சொல்வதோடு நின்றுவிடும். டைஃபிமியூரியம் போன்ற பரவலான வகையில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆனால் இந்த முறையை மந்திரக்கோல் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இன்னாரும் இன்னாரும் ஒரே கொத்து என்று அது சொல்லும். காரணம் எலி என்று சொல்லாது. அதற்கு ஒருவர் உட்கார்ந்து வீடு வீடாக விசாரிக்க வேண்டும். பேதி வந்தவரிடம் கேட்டால் கோழிக்கறி, முட்டை என்றுதான் யோசிப்பார். பாம்பின் சாப்பாடு யாருக்கு நினைவு வரும்? நாமாகக் கேட்டால்தான் உண்டு.

விசாரணையின் கை கடைசியில் லித்துவேனியாவை நோக்கி நீண்டது. 2022 பிப்ரவரியில் அங்கிருந்து உறைந்த எலிகள் வருவதைப் பிரிட்டன் நிறுத்தியது. உறையவைத்தால் சால்மோனெல்லா சாகாது என்பதால், வளர்ப்பவர்களுக்கும் அறிவுரை போனது: எலியைச் சமையலறையில் இளக்க வேண்டாம், மைக்ரோவேவ் பக்கமே கொண்டுபோக வேண்டாம், தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.