பல் மருத்துவத்துக்குப் புதிய சட்டம்: கிளினிக்கில் நாம் எதைக் கேட்க வேண்டும்?

பல் வலிக்குப் போன இடத்தில் உயிர் போகுமா? வாணியம்பாடியில் போனது. 2023-ல் அங்கே ஒரு பல் கிளினிக்குக்குச் சென்று வந்தவர்களில் எட்டுப் பேர், மூளையைத் தாக்கிய மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியா தொற்றால் இறந்தார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் பொது சுகாதாரத் துறையினரும் தேடிப் போனபோது விசாரணை வந்து நின்றது ஒரு சலைன் பாட்டிலில். திறந்த பாட்டிலையே அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

ஆவடியிலும் சி.டி.எச். ரோடு நெடுக பல் கிளினிக் போர்டுகள்தான். எதை நம்பி உள்ளே போவது?

இதுவரை இருந்தது 1948-ம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டம். பதிவு செய்யாதவர் பல் வைத்தியம் பார்த்து முதல்முறை மாட்டினால் அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். இன்று ஒரு பல்லை அடைக்கக்கூட அந்தப் பணம் போதாது!

இந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக, தேசிய பல் மருத்துவ ஆணையச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. பல் மருத்துவக் கவுன்சிலின் இடத்தில் ஆணையம், அதன்கீழ் மூன்று வாரியங்கள் என்பது இதன் அமைப்பு. படிப்பை ஒன்றும், கல்லூரிகளின் தரத்தை இன்னொன்றும் கவனிக்கும். நமக்கு முக்கியமானது மூன்றாவது. மருத்துவர்களின் நெறிமுறையும் பதிவும் அதன் பொறுப்பு. தகுதி பெற்றவர்களின் தேசியப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்கிறது சட்டம். பி.டி.எஸ். முடிப்பவர்கள் தொழில் செய்ய நாடு முழுவதும் ஒரே தகுதித் தேர்வு எழுத வேண்டும். தனியார் கல்லூரிகளில் 50 சதவீத இடங்களின் கட்டணத்துக்கு ஆணையம் வழிகாட்டும். பிள்ளையைப் பல் மருத்துவம் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தச் சட்டம் பெரும்பாலும் ஆளைப் பார்க்கிறது. பாட்டிலை யார் பார்ப்பது? அதற்கு மாநிலச் சட்டம் தனியாக இருக்கிறது. 1997-ல் வந்த தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு 2018-ல்தான் விதிகள் வந்தன. அதன்படி பல் கிளினிக்கும் பதிவுச் சான்று பெற வேண்டும். ஆவடிக்கு இதைக் கவனிப்பது திருவள்ளூர் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். புகாரையும் அங்கேயே கொடுக்கலாம்.

ஆகவே சுவரில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: ஒன்று மருத்துவரின் பதிவு எண், இன்னொன்று கிளினிக்கின் பதிவு எண். நாற்காலியில் உட்கார்ந்ததும், கருவிகள் இருக்கும் உறையையும் சலைன் பாட்டிலையும் உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் கேட்காமலே அப்படித்தான் செய்வார்.